மூன்று கற்களின் வரலாறு

சென்ற ஆண்டு விடுமுறையின்போது எமது பாடசாலைச் சாரணர் பாசறைக்குப் பொறுப்பான ஆசிரியர்களுள் ஒருவராக நாமும் இருந்தோம். காட்டிலோ மலையிலோ அமைந்த பாசறையன்று அது. கொழும்பு நகரத்து எல்லைக்குள், மைதானத்து மூலையில், மரநிழலில் ஐந்து கூடாரங்கள், முப்பது மாணவர், அவ்வளவே. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பானையும், ஒரு கிலோ அரிசியும், ஒரு சுண்டு பருப்பும், சில கத்தரிக்காய்களும், வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய், உப்பு, மஞ்சள் முதலியனவும் வழங்கப்பட்டன. மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. மூன்று தீக்குச்சிகளுக்குள் அடுப்பு மூட்டியாக வேண்டும் என்பது விதி.

நான்கு அணிகளின் தீக்குச்சிகள் தீர்ந்துபோயின, புகைதான் எழுந்தது. அவ்வணிகளிலே பெரும்பாலோர் வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். தைப்பொங்கலன்று, வாகனங்கள் நிறுத்தும் கீழ்த்தளத்திலே பெரியவர்கள் மூட்டிய நெருப்பைத் தள்ளி நின்று பார்த்ததைத் தவிர, விறகடுப்போடு அவர்களுக்கு உறவில்லை. ஐந்தாவது அணியில் மட்டும் தீ நின்று எரிந்தது. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கையொன்றிலிருந்து வரும், வகுப்பிலே வாய் திறவாத மாணவன் ஒருவன் அதன் முன் குந்தியிருந்தான். அவனே மற்றைய அடுப்புகளுக்கும் அழைக்கப்பட்டான்.

“விறகை இப்புடி நெருக்கி வெக்கக் கூடாது சேர். காத்துப் போக வழி விடணும்” என்றான்.

“எங்கே பழகினாய்?” என்றோம்.

“கேஸ் இல்லாத வருசம் சேர். அம்மாவுக்கு நான்தான் அடுப்புப் பத்தவெச்சுக் குடுப்பேன்.”

அந்த விடையே இக்கட்டுரைக்கு வித்து. ஒருவனுக்கு விளையாட்டாக இருப்பது மற்றொருவனுக்கு நினைவாக இருக்கின்றது. வெட்டவெளியில் மூன்று கற்களை வைத்து உலையேற்றுதல் என்பது எத்தனை எளிய செயல்! ஆயினும் அந்தக் கற்களைச் சுற்றி எத்தகைய வரலாறு கிடக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

முதலில் அடுப்பையே பார்ப்போம். கற்கள் ஏன் மூன்று? நான்கு காலுள்ள நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும். மூன்று காலுள்ள முக்காலி எத்தரையிலும் ஆடாது நிற்கும். பானைக்கு மூன்று கல் போதும் என்பதை மனிதகுலம் கேத்திரகணிதம் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே கைகளால் அறிந்திருந்தது. ஒரு கல் காற்று வரும் திசைக்கு மறைப்பாக அமைய வேண்டும். இரு கற்களுக்கிடையிலான வாய் விறகு தள்ளுவதற்கு. அடியிலே காய்ந்த பன்னாடையும் தென்னோலையும், அவற்றின்மேல் சுள்ளி, தீ பிடித்தபின் பொச்சுமட்டையும் சிரட்டையும், இறுதியிலேதான் கட்டைவிறகு. யாழ்ப்பாணத்துக் கிராமத்தவர் காவோலையையும் ஊமலையும் இவ்வாறே பயன்படுத்துவர். நெருப்புக்கு விறகு மட்டும் உணவன்று, காற்றும் உணவு. இதனை அறியாதவன் விறகை அடுக்கிக்கொண்டே போவான். புகை மட்டுமே அவனுக்குக் கிடைக்கும்.

சமையலும் அவ்வாறே எளிது. சோறு கொதித்து அடங்கியதும் விறகை இழுத்துவிட்டுத் தணலிலே பானையைப் புழுங்கவிட வேண்டும். பருப்பை மஞ்சளும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து அவித்து, தேங்காய்ப்பாலை இறுதியில் விட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். கத்தரிக்காயைத் தணலுக்குள்ளே புதைத்துத் தோல் கருகும்வரை சுட்டு, உரித்துப் பிசைந்து, வெங்காயமும் உப்பும் தேசிப்புளியும் சேர்த்தால், சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். அன்றிரவு அந்தப் பிள்ளைகள் உண்டதைப்போல அவர்கள் தம் வீட்டு மேசைகளிலே உண்டிருக்கமாட்டார்கள் என்பது திண்ணம். பசியும், தாமே ஆக்கினோம் என்ற பெருமிதமும், சிறிது புகைமணமும் சேர்ந்த சுவை அது.

சுவையைப் பாடுவதோடு நின்றுவிட்டால் உண்மையில் பாதியை மறைத்தவர்களாவோம். மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்திலே பெரும்பகுதி பானையைச் சேராது காற்றிலே கலந்துபோகின்றது. புகையோ ஊதுகின்றவளின் நெஞ்சிலே படிகின்றது. வீட்டுக்குள் எரியும் இத்தகைய அடுப்புகளின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. ஓரிரவு விறகடுப்பு நமக்கு இன்பம். ஓர் ஆயுள் முழுவதும் விறகடுப்பு எங்கள் தாய்மாருக்கு இருமல். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் தகாது.

இனி, பாசறைச் சமையல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சாரணர் இயக்கத்தின் முதற்பாசறையைப் பேடன் பவல் 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்தினார். 1912இல் மாத்தறையில் அவ்வியக்கம் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. திறந்தவெளியில் உண்டு உறங்கும் கலையைப் பேடன் பவல் கற்றது போர்க்களங்களிலே. 1899 ஒக்டோபரிலிருந்து 1900 மே 17 வரை, 217 நாட்கள், தென்னாபிரிக்காவின் மாஃபெக்கிங் நகரம் முற்றுகைக்குள்ளானபோது படைத்தலைவராக விளங்கியவர் அவர். அந்த முற்றுகையிலே வெள்ளையருக்கு ஒரு பங்கீடு. கறுப்பருக்கு வேறொரு பங்கீடு. குதிரையிறைச்சிச் சாறும் ஓட்ஸ் உமியைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழுமே கறுப்பின மக்களின் உயிரைப் பிடித்து வைத்தன. அவையும் எட்டாது மடிந்தவர் பலர். பாசறைத் தீயைச் சுற்றி இன்று நம் பிள்ளைகள் பாடிக் களிக்கின்றனர், களிக்கட்டும். ஆனால் அத்தீயின் மூதாதைகளுள் ஒன்று முற்றுகைக் கஞ்சியடுப்பு என்பதையும் அவர்கள் அறிந்திருப்பது நலம்.

அயல்நாட்டுக்கு ஏன் போக வேண்டும்? நம் நாட்டு வரலாற்றிலேயே வெட்டவெளி அடுப்புகள் வரிசையாக எரிகின்றன.

1820களிலே கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் முளைத்தபோது, அவற்றுக்கு வேண்டிய கைகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தன. வறட்சியும் கடனும் சாதிக்கொடுமையும் விரட்டிய அம்மக்கள் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து கால்நடையாக மாத்தளையை நோக்கி நடந்தனர். வண்டியில்லை, விடுதியில்லை, வழிநெடுகக் காடு. அந்தி சாயும்போது கிடைத்த மூன்று கற்களைக் கூட்டி, குளத்து நீரை மொண்டு, கங்காணி கொடுத்த அரிசியைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, அடுப்பு அணையாமல் காத்துக்கொண்டே துயின்றனர். அத்தீ சோறாக்கியதோடு, காட்டு விலங்குகளுக்கு வேலியாகவும் நின்றது. வாந்திபேதிக்கு மட்டும் அது வேலியாகவில்லை. அசுத்த நீர் குடித்து, நடக்கவியலாது, பாதையோரத்திலே விடப்பட்டு மாண்டவர் எத்தனையோ பேர். பாதையில் உண்ட அரிசியின் விலையும் முன்பணமாகக் கணக்கெழுதப்பட்டது. வேலையைத் தொடங்குமுன்னரே தொழிலாளி கடனாளியானான். தோட்டத்திலே வழங்கிய அரிசிக்கும் கூலியிலிருந்து பணம் கழிக்கப்பட்டது. அவன் சந்ததியிலே பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டதையும் இவ்விடத்தே நினைவுகூர வேண்டும்.

இரு நூற்றாண்டு நிறைவையொட்டி 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையை அடைந்த நடைபயணத்தைப் பலர் அறிந்திருப்பர். அந்த நடை மூதாதையரின் அடிச்சுவடுகளை மட்டும் தொடரவில்லை. காணியுரிமையும் நியாயமான கூலியும் கேட்டது. பாதையோரத்து அடுப்புகள் அணைந்து 100 ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்விகள் அணையவில்லை என்பதே அதன் பொருள்.

அடுத்து எமது கொழும்பு. 1953ஆம் ஆண்டிலே பங்கீட்டரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் வெட்டப்பட்டது. ஜூலையில் காலிமுகத் திடலிலே பெருங்கூட்டம் திரண்டது. ஓகஸ்ட் 12ஆந் தேதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாடே அசைவற்று நின்றது. அமைச்சரவை தரையிலே கூட அஞ்சி, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது. துப்பாக்கிச் சூட்டிலே மக்கள் உயிர் துறந்தனர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசி கொதிக்கும் பானைக்கும் அரசு அமரும் கதிரைக்கும் இடையே எத்துணை நெருக்கமான தொடர்புண்டு என்பதை இந்நாடு அன்று கண்டது.

ஆனால் 45 சத உயர்வுக்காக ஒன்றுபட்டுநின்ற மக்கள், ஐந்தாண்டு கழியுமுன் 1958இலே இனத்தின் பெயரால் பிரிக்கப்பட்டனர். 1983 ஜூலையிலே வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒருங்கே எரிந்தன. அன்று எரிந்தவை அடுப்புகளல்ல, வீடுகள். காலையிலே மின்னடுப்பிலும் வாயு அடுப்பிலும் தேநீர் வைத்த குடும்பங்கள் மாலையிலே கட்டிய துணியோடு பள்ளிக்கூடங்களிலும் கோவில்களிலும் இரத்மலானை விமானநிலையக் கொட்டகையிலும் ஒதுங்கின. உத்தியோகத்தரும் வேலைக்காரரும், வட்டிக்கடைக்காரரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே வரிசையிலே தட்டேந்தி நின்றனர். வீட்டிலே யார் எந்தச் சமையலறையில் நுழையலாம் என்று விதி வகுத்தவர்கள், யார் ஆக்கியது என்று கேளாமலே உண்டனர். இந்தச் சமத்துவத்தை நாம் பாராட்டவில்லை. அழிவு தந்த சமத்துவம் அது. பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்களிலே சிலர் திரும்பினர். பலர் கடல் கடந்தனர். திரும்பியவர்களும் புதிதாய் வந்தவர்களுமே இன்றைய வெள்ளவத்தையின் மாடிகளை நிறைத்தவர்கள்.

இனிச் சொல்லவேண்டியது சொல்லக் கடினமானது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிலே வன்னி மக்கள் ஊர் ஊராக நகர்த்தப்பட்டு, இறுதியில் முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய கடற்கரையிலே அடைபட்டனர். அங்கே இருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. உயிரோடு வெளியேறி முகாம்களுக்கு வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர். குறைந்த தொகைக்கு அளந்த உணவு எத்தனை வயிறுகளுக்குப் போதும்? செஞ்சிலுவைச் சங்கத்துக் கப்பல் மே 9ஆந் தேதிக்குப் பின் கரையை அணுக முடியவில்லை. பதுங்குகுழிகளுக்கு அருகே மணலிலே கற்களை வைத்து, கிடைத்த அரிசியை நிறைந்த நீரிலே காய்ச்சி, உப்பிட்டு, கஞ்சியாக வழங்கினர். அக்கஞ்சிக்காகக் காத்துநின்ற வரிசைகளின்மேலும் எறிகணைகள் விழுந்தன. உணவு வழங்கும் வரிசைகள் தாக்கப்பட்டதையும், மக்களை வெளியேறவிடாது விடுதலைப்புலிகள் தடுத்ததையும், தப்பியோடியவர்களைச் சுட்டதையும் 2011ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு தன் அறிக்கையிலே பதிந்துள்ளது. இறந்த பொதுமக்கள் 40,000 பேர்வரை இருக்கலாம் என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது.

அரிசி, நீர், உப்பு. உலகிலே இதைவிட எளிய சமையல் வேறொன்றில்லை. தேங்காய்ப்பால் விட்டு, பச்சைமிளகாய் கடித்துக் குடிக்கும் வீட்டுக் கஞ்சியிலிருந்து அது எத்துணைத் தொலைவு! ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்திலே தமிழ் மக்கள் அந்தக் கஞ்சியை அவ்வாறே, சுவையேதும் சேர்க்காமல் காய்ச்சி, சிரட்டையிலே வார்த்து, நினைவாகப் பகிர்ந்து குடிக்கின்றனர். சிலைகள் இடிக்கப்படலாம், கல்லறைகள் உழப்படலாம். கஞ்சிக்கு வேண்டியவை மூன்று கற்களே.

அந்தக் கஞ்சி காலிமுகத் திடலிலும் ஒருநாள் காய்ச்சப்பட்டது. அக்கதை இவ்வாறு. 2021 ஒக்டோபரிலே சமையல் வாயுவின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ கொள்கலன் சில நாட்களிலே 2,600 ரூபாவைத் தாண்டியது. 2022 ஏப்ரில் இறுதியில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடைக்கவில்லை. விடியுமுன்னரே வீதியோரங்களிலே வெற்றுக் கொள்கலன்களைச் சங்கிலியாற் பிணைத்து வரிசை வைத்தனர். மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. வெள்ளவத்தை மாடிகளிலே எட்டாந் தளத்தில் வாழ்ந்தவர்க்கு வாயுவுமில்லை, மின்சாரமுமில்லை, மூன்று கல் வைக்க ஒரு முழ மண்ணுமில்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலோ வாசற்படியிலும் கான்கரையிலும் அடுப்புகள் எரிந்தன. பெட்டிப் பலகையும் முறிந்த கதிரையும் விறகாயின. மண்ணெண்ணெய் அடுப்பை நம்பியிருந்த ஏழைக்கு 2022 ஓகஸ்டிலே ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்து அதுவும் எட்டாக்கனியாயிற்று. செப்டெம்பரிலே கொழும்பு நகரின் உணவுப் பொருள் விலைகள் முன்னைய ஆண்டிலும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. எமது சாரணன் அடுப்பு மூட்டக் கற்ற கல்லூரி இதுவே.

2022 ஏப்ரில் 9ஆந் தேதி காலிமுகத் திடலிலே மக்கள் கூடாரமடித்தனர். அங்கே எழுந்த பொதுச் சமையலறையிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் உண்டனர். மே 9ஆந் தேதி கூடாரங்கள் தாக்கப்பட்டன, மீண்டும் எழுந்தன. ஒன்பது நாள் கழித்து, மே 18ஆந் தேதி, அதே திடலிலே முள்ளிவாய்க்கால் நினைவு கூரப்பட்டது. கஞ்சி வழங்கப்பட்டது. போர் வெற்றி அணிவகுப்புகளைக் கண்ட திடலிலே, தென்னிலங்கை இளைஞரும் சேர்ந்து நின்று அதனை வாங்கிக் குடித்தனர். ஜூலை 14ஆந் தேதி சனாதிபதி கோத்தபாய ராஜபக்ச நாட்டுக்கு வெளியேயிருந்தவாறு பதவி துறந்தார்.

அந்த ஒரு நாள் கஞ்சியால் இனப்பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று நாம் மயங்கவில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலே திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பகுதியில் இதே கஞ்சியைக் காய்ச்சி வழங்கியமைக்காக நால்வர் கைதுசெய்யப்பட்டனர். அவருள் மூவர் பெண்கள். அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த பானையொன்று சட்டத்துக்கு அச்சமூட்டுகின்றதெனில், அப்பானையிலே உண்மை கொதிக்கின்றது என்றே கொள்ள வேண்டும். ஆயினும் காலிமுகத் திடலிலே நிகழ்ந்ததும் உண்மையே. தன் வீட்டு அடுப்பு அணைந்தபின்னரே ஒருவன் அயலானின் அணைந்த அடுப்பைக் காண்கின்றான். அவ்வாறு கண்டதை அடுப்பு மீண்டும் எரியத் தொடங்கியதும் மறந்துவிடுவானா என்பதுதான் நம்முன் உள்ள கேள்வி. 1953ஐ 1958 மறந்தது. 2022ஐ எந்த ஆண்டு மறக்கப்போகின்றது?

பாசறைக்கே திரும்புவோம். மறுநாட் காலை, எஞ்சிய சோற்றை வீசாமல் கஞ்சியாக்குமாறு பணித்தோம். அடுப்புகள் ஐந்தும் இம்முறை முதற்குச்சியிலேயே பற்றிக்கொண்டன. குடித்துக்கொண்டிருக்கையிலே வெள்ளவத்தை மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், முள்ளிவாய்க்கால் கஞ்சி எண்டு சொல்லினமே, அதுவும் இப்பிடித்தானோ?”

ஒரு கணம் தயங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடநூலிலே அவ்வினாவுக்கு விடையில்லை. ஆசிரியனுக்கு அச்சங்களும் உண்டு, குடும்பமும் உண்டு. ஆனால் அக்கேள்வி கேட்ட பிள்ளைக்கும், ஒழுங்கையிலே அடுப்பு மூட்டப் பழகிய பிள்ளைக்கும் ஒரே பானையிலிருந்து கஞ்சி வார்த்துவிட்டு, அதன் வரலாற்றை மட்டும் மறைத்துவைப்பது எங்ஙனம் நேர்மையாகும்? மேலே எழுதியவற்றையெல்லாம், மன்னார்ப் பாதையிலிருந்து தொடங்கி, ஏறத்தாழ இவ்வாறே சொன்னோம். முப்பது பேரும் அசையாதிருந்து கேட்டனர். கொட்டாஞ்சேனை மாணவன் மட்டும் இடையே எழுந்து, அணையப்போன விறகை உள்ளே தள்ளிவிட்டு மீண்டும் வந்து அமர்ந்தான். அவனுடைய பூட்டனாரும் அந்தப் பாதையால் நடந்து வந்தவர் என்று பின்னர் எம்மிடம் கூறினான்.

வெட்டவெளியிலே சமைத்தல் பிள்ளைகளுக்கு இன்பமாகவே இருக்கட்டும். அவ்வின்பத்தை நாம் பறிக்க விரும்பவில்லை. விரும்பியவன் விரும்பிய நாளிலே மூன்று கற்களைக் கூட்டட்டும். வேறு வழியின்றி எவளும் அவற்றைக் கூட்டாதிருக்கும் நாடு வேண்டும். அத்தகைய நாட்டைப் படைக்கப் புறப்படுகின்ற தலைமுறைக்கு முதற்பாடமாக, அடுப்பு மூட்டவும் கற்பிப்போம். அடுப்பின் வரலாற்றையும் கற்பிப்போம்.

நண்பகலிலே தணலின்மேல் நீரூற்றி மண்ணிட்டு மூடினோம். கற்களை மாணவர்கள் மைதான மதிலோரத்திலே அடுக்கி வைத்தனர், அடுத்த பாசறைக்கு வேண்டுமென்று.